அனுமதியற்ற வெளிச்சம்

பூங்காத் தெருவுக்குப் புது விளக்கு வந்த அன்றைக்குத்தான் பௌசியா குழிக்குள் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். விளக்கு வந்ததை ஊரே சொல்லித் திரிந்தது. பௌசியா விழுந்ததை அவள் புருஷன் அப்துல் கனி ஒருவர்தான் ஒவ்வொரு ஆபீஸாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேதுராயன்பேட்டை என்பது அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் ஏறினால் கண் அசரும் நேரத்தில் வந்துவிடுகிற ஊர். ஊரைச் சுற்றிக் கரிசல் காடு, காட்டைச் சுற்றிச் சீமைக்கருவேலம். ஊருக்கென்று ஒரு பெருமை உண்டென்றால் அது துரை பூங்கா. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் குதிரைக்குத் தண்ணீர் காட்ட இந்த ஊரில் இறங்கினாராம். அதில் உச்சி குளிர்ந்துபோன பஞ்சு வியாபாரி ஒருவர், துரை மறுபடி வந்தால் உட்கார இடம் வேண்டுமே என்று ஒரு தோட்டம் போட்டு, வாசலில் செங்கல் வளைவு கட்டி, நடுவில் ஒரு நீரூற்றும் வைத்தார். துரை மறுபடி வரவில்லை. நீரூற்றிலும் தண்ணீர் வரவில்லை. வேப்பமரங்கள் மட்டும் யாரையும் எதிர்பார்க்காமல் வளர்ந்து நின்றன. சாயங்காலமானால் விசைத்தறியில் வேலை முடிந்து வருகிறவர்கள் அதன் அடியில் துண்டை விரித்துப் படுப்பார்கள். பெண்கள் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். அதுதான் அந்தப் பூங்காவின் வரலாறு.

பூங்காச் சுவரை ஒட்டி பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும் போவது பூங்காத் தெரு. பூங்காச் சுவர் முடிந்து இரண்டு பக்கமும் வீடுகள் தொடங்குகிற தெரு வளைவில் அப்துல் கனியின் வீடு. சவூதியில் ஒரு குடோனில் லோடு வண்டி ஓட்டிச் சம்பாதித்துக் கட்டிய வீடு. இப்போது பஸ் ஸ்டாப்பில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். வாளி, குடம், முறம், நாற்காலி. வம்பு வழக்குக்குப் போகாத மனுஷன். பாலைவனத்தில் அரபி முதலாளியிடம் வேலை பார்த்த காலத்தில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிப் பழகியவர். ஊருக்கு வந்த பிறகும் அந்தத் தலை தானாகவே ஆடும்.

அவர் வீட்டு வாசலுக்கு நேரே ஒரு மின்கம்பமும் அதில் ஒரு குழல் விளக்கும் இருந்தன. மழைக்கு மினுக்கும், காற்றுக்கு அணையும், தட்டினால் எரியும். ஆனால் எரியும். அந்த விளக்கு ஆபீஸ்காரர்கள் கண்ணில் பட்டதால்தான் வம்பு வந்தது.

பாரம்பரியத் தெருக்களுக்கு நவீன ஒளியூட்டல் என்று ஒரு திட்டம் வந்தது. பேரூராட்சிச் செயல் அலுவலர் சங்கரபாண்டியன் மெனக்கெட்டு அதை ஊருக்குக் கொண்டுவந்தார். குழல் விளக்குகள் பாரம்பரியத் தோற்றத்துக்குப் பொருந்தவில்லை என்று முதலில் அவற்றைக் கழற்றினார்கள். பிறகு தெருவோரமாக, வீட்டுச் சுவரிலிருந்து ஓர் ஆள் நடக்கிற அகலம் விட்டு, கேபிள் பதிக்க நீளமாகக் குழி வெட்டினார்கள். வீடுகள் ஏறி இறங்க அங்கங்கே பலகை போட்டார்கள். பழங்காலத்துக் கம்பம் மாதிரியே செய்த புதுக் கம்பங்கள் வந்து இறங்கின. ஆனால் விளக்கு கம்பத்தின் உச்சியில் இல்லை. கம்பத்தின் அடியில், தரையோடு தரையாக, முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது. சில விளக்குகள் வளைவைப் பார்த்தன. சில வேப்பமரங்களைப் பார்த்தன. தெருவைப் பார்த்து ஒன்றும் இல்லை.

வெள்ளோட்டம் விட்ட சாயங்காலம் வளைவு தங்கமாகத் தகதகத்தது. மஃரிப் தொழுகை முடிந்த நேரம். தைத்த ஜாக்கெட்டை எதிர்ச்சாரியில் மாரீஸ்வரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிய பௌசியா, எல்லாரையும் போல அண்ணாந்து வளைவைப் பார்த்தாள். கண் கூசியது. கூசிய கண்ணுக்குத் தெரு கரியாகத் தெரிந்தது. பலகை இந்தப் பக்கம் இருக்கிறதென்று நினைத்து எடுத்து வைத்த கால் குழிக்குள் போனது. அவள் போட்ட சத்தத்தை விளக்குப் பார்க்க வந்த கூட்டம் ஆரவாரம் என்று நினைத்துக்கொண்டது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு உடைந்திருந்தது. அருப்புக்கோட்டையில் கட்டுப் போட்டுக் கூட்டி வந்தார்கள். கட்டிலில் கிடந்து அவள் சொன்னது ஒன்றுதான்.

"தெருவுக்கு லைட்டு வருதுன்னு சொன்னதாலதான டார்ச்சு எடுக்காமப் போனேன்."

மறுநாள் அப்துல் கனி பேரூராட்சி ஆபீஸுக்குப் போனார். சங்கரபாண்டியன் நல்ல மனிதர் என்று பேர். யார் போனாலும் உட்காரச் சொல்வார், டீ சொல்வார். சொல்ல வந்ததை மட்டும் கேட்க மாட்டார். அப்துல் கனி, தெருவில் இருந்த பழைய லைட்டையாவது மாட்டிவிடும்படியும் குழியை மூடும்படியும் கேட்டார். அலுவலர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பாய், நீங்க வெளிச்சத்தைப் பத்திப் பேசுறீங்க. நாங்க பண்ணியிருக்கறது ஒளியூட்டல். ரெண்டும் வேற வேற. வெளிச்சம்கிறது நாம பாக்குறதுக்கு. ஒளியூட்டல்கிறது நம்மளப் பாக்குறதுக்கு. ஊர் வளரணும்னா நாலு பேரு நம்மளப் பாக்கணும்ல."

அப்துல் கனிக்கு இது விளங்கவில்லை. குழியைக் கேட்டார். குழி அலுவலருக்குப் பிடித்த விஷயம் போலிருந்தது. திட்டம் மூன்று தொகுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று விளக்கினார். தோண்டுவது முதல் தொகுப்பு. திறப்பு விழா இரண்டாவது. மூடுவது மூன்றாவது. முதல் தொகுப்பு நூற்றுக்கு நூறு முடிந்துவிட்டது. மூன்றாவதுக்கு இன்னும் டெண்டரே விடவில்லை.

"மேலிடத்துல இருந்து வந்து குழியோட ஆழம், அகலம் எல்லாம் அளந்து பாத்தாங்க. ஒரு இஞ்ச் குறை சொல்ல முடியல. மத்த ஊர்ல போய்ப் பாருங்க, ஏனோதானோன்னு வெட்டியிருப்பான். உங்க வீட்டம்மா விழுந்தது தரமான குழி, பாய். அதை நான் தைரியமா சொல்லுவேன்."

அப்துல் கனியின் தலை ஆடியது. ரொம்ப நன்றி சார் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். பாதி வழியில், பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி பக்கத்தில் வரும்போதுதான், எதற்கு நன்றி சொன்னோம் என்று யோசித்தார். உடம்பெல்லாம் எரிந்தது. யார் மேல் எரிகிறது என்று தெரியவில்லை. பாதி அவர் மேலேயே எரிந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. தெருவில் இருட்டாக இருக்கிறது என்று எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தார். புகார் கொடுத்தால் ஆய்வு செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. ஆய்வு செய்ய ஓர் இளம் பொறியாளர் கையடக்கமான கருவி ஒன்றோடு வந்தார். இருட்டை அளக்கிற கருவி. வந்த நேரம் மத்தியானம். வைகாசி வெயிலில் தெரு பொரிந்துகொண்டிருந்தது. காக்காய்கூட நிழலில் நின்றது. பொறியாளர் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு தெருவின் நடுவில் நின்று கருவியை நீட்டினார். பார்த்துவிட்டு அவருக்கே ஆச்சரியம்.

தெருவுக்குத் தேவையான வெளிச்சத்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு இங்கே இருக்கிறது என்றார்.

அப்துல் கனி தயங்கித் தயங்கி, அது சூரியன் என்று சொன்னார்.

"எங்கேயிருந்து வருதுன்னு மீட்டர் பாக்காது. எவ்வளவு வருதுன்னுதான் பாக்கும்."

ராத்திரி வந்து அளக்கலாமே என்று கேட்டார் அப்துல் கனி. பொறியாளர் அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அளவீடு ஆபீஸ் நேரத்தில்தான் எடுக்க முடியும். அப்படியே ராத்திரி வந்தாலும் பிரயோஜனமில்லை. இந்தத் தெருவில் இருக்கிற இருட்டில் மீட்டரில் நம்பர் தெரியாது.

ஒரு வாரம் கழித்து ஆய்வின் முடிவு வந்தது. பூங்காத் தெருவில் தேவைக்கு மிஞ்சிய வெளிச்சம் இருப்பதால் சிக்கனம் கருதி நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. நடவடிக்கையும் எடுத்தார்கள். கழற்றாமல் விட்டுப்போன ஒரே ஒரு குழல் விளக்கு பள்ளிவாசல் முக்கில் எரிந்துகொண்டிருந்தது. அதையும் கழற்றிக்கொண்டு போனார்கள். தொழுகைக்குப் போகிற பெரியவர்கள் சுவரைத் தடவிக்கொண்டு போனார்கள். போகும்போது புகார் கொடுத்த அப்துல் கனியின் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதற்கிடையில் பூங்காவையும் பூட்டிவிட்டார்கள். விளக்கு எரியத் தொடங்குவது ஆறரைக்கு. பூங்காவைப் பூட்டுவது ஆறு மணிக்கு. ஆட்கள் உள்ளே இருந்தால் விளக்குக்குப் பாதுகாப்பில்லையாம். விளக்கைக் காவல் காக்க இருளாண்டி என்பவரை நியமித்தார்கள். பேருக்கு அவர் பொறுப்பில்லை, அது குலசாமி பேர். அப்துல் கனி ஒருநாள் சாயங்காலம் கம்பிக்கதவு வழியாகப் பார்த்தபோது, அத்தனை விளக்குக்கும் நடுவில் இருளாண்டி கையில் டார்ச் லைட்டோடு தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருந்தார். எதற்கு டார்ச் என்று கேட்டார் அப்துல் கனி.

"லைட்டு பூராம் மரத்தைப் பாத்துல்ல பாய் நிக்குது. கீழ பாம்பு கெடந்தாத் தெரியல. ஆபீஸ்ல சொல்லி இந்த டார்ச்சை வாங்குனேன். பூங்காவுக்கு வெளியே அடிக்கக் கூடாதுன்னு ஆர்டர்."

தறியிலிருந்து வருகிறவர்கள் பூட்டின கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று, தாங்கள் படுத்திருந்த இடம் தங்கமாக மின்னுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

திட்டத்துக்கு ஆலோசகர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். கைத்தறிச் சட்டை, வெள்ளித் தாடி, மெதுவான பேச்சு. தெருவில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அது அப்துல் கனி கடையில் வாங்கிய நாற்காலிதான். அதில் உட்கார்ந்து வளைவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவராவது படித்த மனிதர், கேட்டால் புரியும் என்று அப்துல் கனி பக்கத்தில் போய் நின்று நடந்ததைச் சொன்னார். ஆலோசகர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தத் தெருவில என்ன விளக்கு இருந்தது? எதுவும் இல்லை. இருட்டுதான் இந்தத் தெருவோட அசல். நடுவில யாரோ ஒரு குழல் விளக்கைப் போட்டு அதைச் சிதைச்சுட்டாங்க. நாங்க அந்த இருட்டை மீட்டெடுத்திருக்கோம். உங்க மனைவிக்குக் கிடைச்சது ரொம்ப அபூர்வமான அனுபவம். அந்தக் காலத்துல ஒரு பெண் இந்தத் தெருவில எப்படி நடந்திருப்பாளோ, அப்படியே நடந்திருக்காங்க."

பிறகு அவர், பௌசியாவைப் பார்க்கலாமா, ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். அப்துல் கனியின் தலை ஆடவில்லை. அது அவருக்கே புதிதாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தோஹாவில் வேலை பார்க்கிற மகன் பாசித் அன்றைக்குப் போன் பண்ணினான். ஆகாயத்திலிருந்து எடுத்த தெருவின் படம் செல்போனில் ஊரெல்லாம் சுற்றி அவனுக்கும் போயிருந்தது. நம்ம தெரு துபாய் மாதிரி இருக்கே அத்தா, அம்மாவுக்குக் கட்டுப் பிரிச்சதும் சாயங்காலம் அங்கிட்டுக் கொஞ்சம் நடக்கக் கூட்டிப் போங்க என்றான். அம்மா குழியில் விழுந்ததை அவனுக்குச் சொல்லவில்லை, வீட்டில் வழுக்கி விழுந்தாள் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். அப்துல் கனி போனைப் பௌசியாவிடம் கொடுத்தார். அவள் சரிப்பா என்று மட்டும் சொன்னாள்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். மேடையில் பயனாளி ஒருவர் உட்கார வேண்டும் என்று விதி. விளக்கால் பயன் அடைந்தவரைத் தெருவில் தேடிப் பார்த்திருக்கிறார்கள், அகப்படவில்லை. கடைசியில் சங்கரபாண்டியன் சால்வையோடு பௌசியாவைத் தேடி வந்தார். அவள் யோசித்தாள். மேடைக்குப் போனால் பெரிய ஆட்கள் இருப்பார்கள், குழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு வருகிறேன் என்றாள். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்தார்கள். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார ஒரு முக்காலியும் போட்டார்கள். முக்காலிக்கும் மாலை சுற்றியிருந்தது.

சிறப்பு விருந்தினருக்கு விருதுநகரில் வேறு விழா இருந்ததால் சாயங்காலம் நாலு மணிக்கே பொத்தானை அமுக்கினார். வெயிலில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. எரிகிறதென்று நம்பி எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு சங்கரபாண்டியன் பேசினார்.

"இங்கே அமர்ந்திருக்கிற சகோதரி பௌசியாவைப் பாருங்கள். நம் விளக்கின் அழகில் மெய்மறந்து, தரையைப் பார்க்கவே தோன்றாமல் நடந்த முதல் பெண்மணி இவர். எத்தனையோ திட்டங்கள் வந்திருக்கின்றன. எந்தத் திட்டம் மக்களை இந்த அளவுக்குப் பாதித்திருக்கிறது? இவர் காலில் இருக்கும் கட்டு, நம் ஒளியூட்டலுக்குக் கிடைத்த முதல் பாராட்டுப் பத்திரம்."

கை தட்டல் அடங்க நேரமானது. பௌசியா மைக்கை நோக்கிக் கையை நீட்டினாள். நன்றி சொல்லத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, நேரமில்லை என்று அந்தக் கையில் ஒரு நினைவுப் பரிசை வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னதாக ஒரு விளக்குக் கம்பம். அப்துல் கனி கூட்டத்தில் எழுந்து நின்றார். சார், ஒரு நிமிஷம் என்று சொன்னார். பக்கத்தில் இருந்தவர் லட்டுப் பொட்டலம் ஒன்றை அவர் கையில் திணித்து உட்கார வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பௌசியா அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு கட்டிலில் சாய்ந்தாள். அப்துல் கனி அவள் அழுகிறாள் என்று நினைத்தார். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டயும் இனிமே கேக்க வேணாம்ங்க. நம்ம வாசல்ல ஒரு பல்பு போடுங்க. தெருவப் பாத்துப் போடுங்க."

மறுநாள் அப்துல் கனி மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு கம்பியை நீட்டி, சாதாரண வெள்ளைப் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். சாயங்காலம் போட்டார். வாசலும் குழியும் பலகையும் எதிர்ச் சுவரும் பளிச்சென்று தெரிந்தன. எதிர்வீட்டுச் சுந்தரபாண்டி, மாரீஸ்வரியின் புருஷன், காட்டிலிருந்து மண்வெட்டியோடு வந்தவர் நின்று பார்த்தார். மறுநாள் அவர் வாசலிலும் ஒரு பல்பு தொங்கியது. அதற்கடுத்து தையல் கடை வீடு, அதற்கடுத்து ஆட்டுக்கறிக் கடைக்காரர் வீடு. கொஞ்ச நாளில் பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும் வீட்டுக்கு ஒரு பல்பு எரிந்தது. கரண்டு அவரவர் வீட்டுக் கரண்டு. பெண்கள் மறுபடி தெருவில் நடந்தார்கள். பெரியவர்கள் சுவரை விட்டுவிட்டு நடந்தார்கள். பூங்காவுக்குள் நுழைய முடியாதவர்கள் பூங்காச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேசினார்கள். பௌசியாவின் கட்டைப் பிரித்திருந்தார்கள். நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அவள் வாசல்வரைக்கும் வந்து நிற்பாள்.

நோட்டீஸ் வந்தது. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டினார்கள். பாரம்பரியப் பகுதியில் அனுமதியற்ற வெளிச்சம் ஏற்படுத்தியது குற்றம் என்று ஆரம்பித்தது. வெளிச்சத்தின் நிறம் சரியில்லை, பாரம்பரியம் மஞ்சளாக இருக்க வேண்டும், இது வெள்ளையாக இருக்கிறது. வெளிச்சம் மேல் நோக்கிச் செல்லாமல் கீழ் நோக்கி விழுகிறது. இதனால் பொதுமக்கள் வளைவைப் பாராமல் தரையைப் பார்த்து நடக்கிறார்கள், திட்டத்தின் நோக்கமே பாழாகிறது. உடனே அகற்றாவிட்டால் நேரில் வந்து அகற்றப்படும்.

சுந்தரபாண்டி அதை இரண்டு தடவை படித்தார். "தரையப் பாத்து நடக்குறது குத்தமாய்யா" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் பல்பைக் கழற்றவும் இல்லை.

சொன்னபடியே வந்தார்கள். எரியும்போது பிடித்தால்தான் குற்றம் செல்லும் என்பதால் இந்தத் தடவை ஆபீஸ் நேரத்தை மீறி, பொழுது அடைந்த பிறகு வந்தார்கள். குழி காரணமாக ஜீப் தெருவுக்குள் வராது. அதைப் பஸ் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு சங்கரபாண்டியனும் பொறியாளரும் லைன்மேன் சோணைமுத்துவும் ஏணியோடு நடந்து வந்தார்கள். சுவருக்கும் குழிக்கும் நடுவில் இருந்த ஒற்றையடி மண்ணில், வீட்டுப் பல்புகளின் வெளிச்சத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல் நடந்து தெரு வளைவில் அப்துல் கனி வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். தெரு முழுக்க ஆட்கள் வாசலில் நின்றார்கள்.

சோணைமுத்து ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கரண்டை அணைத்தால்தான் பல்பில் கை வைப்பேன் என்றார். சங்கரபாண்டியன் கூட்டத்தைப் பார்த்து, எல்லாரும் அவரவர் வீட்டு விளக்கை அணைக்கும்படி உத்தரவு போட்டார்.

அப்துல் கனி பௌசியாவைப் பார்த்தார். அவள் வாசலில் ஊன்றுகோலைப் பிடித்து நின்றாள்.

"சார் சொல்றாகள்ல. எல்லாரும் அணைங்க" என்றாள்.

ஒவ்வொரு வீடாக அணைந்தது. கடைசியாக அப்துல் கனி சுவிட்சைத் தட்டினார். தெரு காணாமல் போனது. பின்னால் வளைவு மட்டும் தகதகவென்று நின்றது. அதைப் பார்த்த கண்ணுக்குத் தன் கையே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் செருப்பு மண்ணில் உரசுகிற சத்தம். பொறியாளர் செல்போனை எடுத்துத் தட்டினார். அந்தச் சின்ன வெளிச்சத்தில் அவரும் அலுவலரும் தங்கள் காலைப் பார்த்தார்கள். குழியின் விளிம்பு கட்டைவிரலுக்கு அடுத்து இருந்தது. பொறியாளர் பதறிப் பின்வாங்கி அலுவலர் மேல் இடித்தார். மண் சரிந்தது. செல்போன் குழிக்குள் விழுந்து அணைந்தது. சங்கரபாண்டியனின் ஒரு கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போனது. சோணைமுத்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"பாய், லைட்டப் போடுங்க" என்றது அலுவலரின் குரல். மேடையில் கேட்ட குரல் இல்லை அது.

அப்துல் கனியின் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

"கையை எடுங்க" என்றாள் பௌசியா. அவர் எடுத்துவிட்டார். அவள் இருட்டைப் பார்த்துப் பேசினாள். சத்தம் போடவில்லை.

"சார், நீங்க நிக்கிற எடத்துலதான் நானும் கால வச்சேன். எனக்கு அன்னைக்கு உங்களுக்கு இருக்குற மாதிரி பிடிச்சு இழுக்க ஆளு இல்ல. ரெண்டு எடத்துல எலும்பு ஒடஞ்சுச்சு. நீங்க அதப் பாராட்டுன்னு சொன்னீங்க. இம்புட்டுப் பேரு முன்னால சொன்னீங்க. எம் புருஷன் உங்ககிட்ட எத்தன தடவ வந்தாக, உக்கார வச்சு டீ குடுத்து அனுப்புனீங்க. இப்ப நான் ஒங்களுக்கு டீ போட்டுத் தரட்டா?"

மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் அவர்களை இருட்டில் நிற்க வைத்தது அதிக நேரம் இல்லை. ஆனால் தெருவில் நின்ற ஒவ்வொருவருக்கும் அது நீளமாக இருந்தது. யாரோ ஒருவர் தும்மினார். இருளாண்டி பூங்காக் கதவுக்குப் பின்னால் டார்ச்சோடு நின்றார், ஆனால் வெளியே அடிக்கவில்லை.

"இப்பப் போடுங்க" என்றாள் பௌசியா. "எங்க நிக்கிறாகன்னு அவுகளே பாத்துக்கிறட்டும்."

பல்பு எரிந்தது. பிறகு எல்லா வீட்டிலும் எரிந்தது. சங்கரபாண்டியன் ஒரு காலில் செருப்பில்லாமல், பேண்ட்டில் கரிசல் மண் அப்பி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். யாரையும் பார்க்கவில்லை. சோணைமுத்து ஏணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். பல்பைக் கழற்றச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மூன்று பேரும் வந்த வழியே, வெளிச்சத்தில், தரையைப் பார்த்து நடந்து போனார்கள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் திறப்பதற்கு முன்னாலேயே ஒரு லாரி வந்தது. டெண்டர் இல்லை, தொகுப்பு இல்லை, அளவீடு இல்லை. லாரிக்காரர் மண்ணைக் கொட்டினார். நாலு பேர் மண்வெட்டியால் தள்ளினார்கள். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் குழி பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளிவாசல் வரைக்கும் மூடியாகிவிட்டது. அவசரகாலப் பணி என்று ஆபீஸில் எழுதிக்கொண்டார்களாம். அலுவலர் ஒருவருக்கு முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டதால் பொதுநலன் கருதி எடுத்த நடவடிக்கை.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வெளியே வந்து பார்த்தார்கள். மாரீஸ்வரி சிரித்துக்கொண்டே வந்து, ஜெயிச்சுட்டீகக்கா என்றாள். பௌசியா சிரிக்கவில்லை. ஊன்றுகோலை நகர்த்தி நகர்த்தி, பலகை கிடந்த இடத்துக்கு வந்தாள். புது மண்ணின் மேல் ஊன்றுகோலின் காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு ஒடிந்த காலை அதன் மேல் வைத்தாள். அவள் முகத்தில் அப்துல் கனி இத்தனை மாசத்தில் பார்க்காத கோபம் இருந்தது. மேடையில்கூட அது இல்லை. நேற்று இருட்டில்கூட அவள் குரலில் அது இல்லை.

லாரி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"ஒத்த லாரி மண்ணு" என்றாள். "இம்புட்டுத்தானாங்க?"

அப்துல் கனி அவள் பக்கத்தில் வந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.